புகையோடு போகும் சூடு



விடிகாலையில் பனி மூடியிருக்கும்போது தொழிற்சாலைப் பக்கமாக நடந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே ட்ரையர் ஓடும், கூரைக்கு மேலே வெள்ளை வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். "தேயிலை மணக்குது" என்று சொல்லிவிட்டுப் பெரட்டுக்குப் போய்விடுவோம். அந்த ஆவியில் மணம் மட்டும் போகவில்லை. மலையில் வெட்டி, லொறியில் ஏற்றி, பிளந்து, அடுக்கி, உலையில் போட்ட விறகின் சூட்டில் பெரும்பங்கு அந்த வழியாகத்தான் ஆகாயத்துக்குப் போகிறது.

போகிற சூட்டைப் பிடித்து இன்னொரு வேலைக்குப் பயன்படுத்த முடியுமா? முடியும். சீனி ஆலை, உர ஆலை, பால்மா ஆலை என்று இரசாயன முறையில் பொருள் செய்யும் இடங்களில் நூறு, நூற்றைம்பது வருஷங்களாக அதைத்தான் செய்து வருகிறார்கள். அந்தக் கதையை இந்த முறை சொல்கிறோம். ஓ.எல். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து வாசியுங்கள். அவர்களுடைய விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள விஷயமும் இதில் வருகிறது.

தண்ணீர் விழுங்கும் சூடு

முதலில் ஒரு கணக்கு. ஒரு லீற்றர் தண்ணீரைக் கேத்தலில் ஊற்றி அடுப்பில் வைக்கிறீர்கள். தண்ணீர் 20 பாகை குளிரில் இருக்கிறது. அது 100 பாகைக்கு ஏறிக் கொதிக்க 80 கிலோகலோரி சூடு வேண்டும். சரி, கொதித்துவிட்டது. கேத்தலை இறக்க மறந்துபோய் அந்த ஒரு லீற்றரும் முழுக்க ஆவியாகிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எவ்வளவு சூடு செலவாகியிருக்கும்? இன்னும் 540 கிலோகலோரி! கொதிக்க வைக்கச் செலவானதைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. இத்தனைக்கும் தண்ணீரின் வெப்பநிலை ஒரு பாகைகூட ஏறவில்லை. சூடு முழுவதும் ஆவிக்குள்ளே ஒளிந்துகொண்டது. இதைத்தான் பாடப் புத்தகத்தில் மறைவெப்பம் என்கிறார்கள்.

ஒளிந்த சூடு செத்துப்போவதில்லை. ஆவி எங்கே குளிர்ந்து திரும்பவும் தண்ணீராகிறதோ, அங்கே அந்த 540ஐயும் அப்படியே இறக்கி வைத்துவிடும். கொதிதண்ணி பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் மோசமாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது ஒளித்து வைத்திருந்த சூட்டையெல்லாம் தோலிலேயே கொட்டுகிறது. ஆகவே சோற்றுப் பானை மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறவுங்கள். யாருக்காவது ஆவி பட்டுவிட்டால் பற்பசையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஓடுகிற பச்சைத் தண்ணீரில் இருபது நிமிஷம் பிடித்துவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும்.

இப்போது தேயிலைக்கு வருவோம். 100 கிலோ பச்சைக் கொழுந்து நிறுத்தால் கடைசியில் கிடைப்பது சுமார் 22 கிலோ தேயிலை. மிச்சம் 78 கிலோ எங்கே? அத்தனையும் தண்ணீர், ஆவியாகப் போய்விட்டது. ஒரு கிலோ தேயிலை பெட்டிக்குள் போகும் முன்னால் மூன்றரை லீற்றர் தண்ணீரை நாம் விரட்டியாக வேண்டும். வெயில் நாளில் வாட்டும்போது காற்றே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மழை நாளில் அந்த வேலையும் விறகின் தலையில்தான் விழும். தேயிலைத் தொழிற்சாலை என்பது, சுருக்கமாகச் சொன்னால், தண்ணீரை விரட்டும் தொழிற்சாலை.

சீனிக் கொப்பரைகள்

தண்ணீரை விரட்டும் இன்னொரு தொழில் கரும்புச் சீனி. கரும்புச் சாற்றில் பெரும்பங்கு தண்ணீர். அதை வற்றக் காய்ச்சினால்தான் சீனி மணி கட்டும். அமெரிக்காவின் தெற்கிலே லூசியானா என்று ஒரு மாநிலம். 1800களின் முற்பகுதியில் அங்கே பெரிய பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன. வேலை செய்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். கூலி கிடையாது. அவர்கள் அடிமைகள்.

சாறு காய்ச்சிய விதத்தைக் கேளுங்கள். நீளமான ஒரே அடுப்பு. அதன்மேல் வரிசையாகத் திறந்த கொப்பரைகள், பெரியதிலிருந்து சின்னது வரை. சாறு முதல் கொப்பரையில் கொஞ்சம் வற்றியதும், நீண்ட பிடி போட்ட அகப்பையால் கோரி அடுத்ததில் ஊற்றவேண்டும். பிறகு அதற்கடுத்தது. கடைசிக் கொப்பரையில் அது கூழாகக் கொதித்துத் தெறிக்கும். அறுவடைக் காலத்தில் இரவு பகல் என்று இல்லாமல் இந்த வேலை நடந்தது. கொதிக்கும் பாகு மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு தோலோடு வரும். விறகோ மலை மலையாக எரிந்தது. கொப்பரைகளிலிருந்து எழும்பிய ஆவி அத்தனையும் கூரை வழியாகப் போனது. கடைசிக் கொப்பரையில் சூடு மிஞ்சிப்போய்ச் சீனி கருகுவதும் சாதாரணம்.

இந்த முறையை மாற்றியவர் பெயர் நோர்பேர் றில்லியு. 1806இல் அதே லூசியானாவில் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் பிறந்தார். தகப்பன் வெள்ளைக்காரர், தோட்டக்காரர். தாய் ஆபிரிக்க வம்சத்துப் பெண், ஆனால் அடிமை அல்ல. மகனின் கெட்டித்தனத்தைப் பார்த்துப் பாரிஸ் நகரத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே 24 வயதிலேயே பொறியியல் கல்லூரி ஒன்றில் கற்பிப்பவராக இருந்தார். நீராவியைப் பற்றி ஆராய்ந்தார். பிறகு 1830களில் ஊருக்குத் திரும்பினார்.

அவருடைய யோசனையைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுதியானவர்கள் இல்லை. ஏனென்றால் நாம் மலையில் இருக்கிறோம். கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மேலே போகப் போகக் காற்றின் அமுக்கம் குறைவு. அமுக்கம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். கொழும்புக்கு வேலைக்குப் போய் வந்த பிள்ளைகள் "இங்க பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது" என்று கேட்பது இதனால்தான். கொதிக்கிறது, ஆனால் சூடு குறைவு.

மூடிய பாத்திரத்துக்குள்ளிருந்து பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டால், மலைக்கு ஏறாமலே அமுக்கத்தைக் குறைக்கலாம். அப்படிச் சீனியைக் குறைந்த சூட்டில் காய்ச்சலாம் என்று இங்கிலாந்தில் ஹோவர்ட் என்பவர் 1813 அளவிலேயே காட்டியிருந்தார். அதில் சீனி கருகவில்லை. ஆனால் விறகுச் செலவு தீரவில்லை. ஆவி பழையபடி வீணாகத்தான் போனது.

றில்லியு செய்தது இதுதான். மூன்று மூடிய பாத்திரங்களை வரிசையாக வைத்தார். கரும்பை ஆட்டும் எஞ்சினிலிருந்து வெளியே போகும் நீராவியைக் கொண்டு முதல் பாத்திரத்துச் சாற்றைக் கொதிக்க வைத்தார். அதிலிருந்து எழும்பிய ஆவியை வெளியே விடவில்லை. குழாய் வழியாக இரண்டாவது பாத்திரத்துக்கு அனுப்பினார். இரண்டாவதில் அமுக்கம் குறைவு, ஆகவே அங்கே சாறு இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். முதல் பாத்திரத்து ஆவி இரண்டாவதின் குழாய்களில் பட்டுத் தண்ணீராகி, ஒளித்திருந்த 540ஐ இறக்கி வைத்தது. அந்தச் சூட்டில் இரண்டாவது பாத்திரம் கொதித்தது. அதன் ஆவி மூன்றாவதுக்கு. மூன்றாவதில் அமுக்கம் இன்னும் குறைவு.

அதாவது ஒரு தரம் விறகு வைத்து மூன்று தரம் கொதி. ஒரு கிலோ நீராவி கொடுத்தால் பழைய முறையில் ஏறக்குறைய ஒரு கிலோ தண்ணீர் வற்றும். இந்த முறையில் ஏறக்குறைய மூன்று கிலோ வற்றும். சூட்டுக்குக் கூலி கொடுத்து மூன்று நாள் வேலை வாங்கிய மாதிரி!

1843இலும் 1846இலும் இதற்குக் காப்புரிமை எடுத்தார். 1845 அளவில் மேர்ட்டில் குரோவ் என்ற தோட்டத்தில் இயந்திரம் நன்றாக ஓடியது. பிறகு மற்றத் தோட்டங்களும் வாங்கின. சீனி வெள்ளையாக வந்தது, விறகு குறைந்தது. ஆட்கள் அகப்பையோடு கொதிக்கும் கொப்பரைக்கு மேலே நின்று கோர வேண்டிய தேவையும் அந்த ஆலைகளில் இல்லாமல் போனது.

இன்றைக்கும் உலகம் முழுவதும் சீனி ஆலைகளில் இதே முறைதான். நம் நாட்டில் பெல்வத்தை, செவனகல ஆலைகளிலும் சாறு இப்படி வரிசைப் பாத்திரங்களில்தான் வற்றுகிறது. அடுப்புக்கு விறகுகூட வேண்டாம், சாறு பிழிந்த கரும்புச் சக்கையே எரிகிறது. கடையில் நாம் வாங்கும் பால்மாவும் மாவாகும் முன்னால் இப்படி வரிசைப் பாத்திரங்களில் வற்றக் காய்ச்சப்பட்டதுதான். காலையில் குடிக்கும் பால் தேத்தண்ணியில் சீனி ஒரு பக்கம், பால்மா ஒரு பக்கம், இரண்டிலும் றில்லியு இருக்கிறார்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த இயந்திரம் யாரையும் விடுதலை செய்யவில்லை. மிச்சமான விறகின் காசு, கூடுதலான சீனியின் காசு எல்லாம் தோட்டக்காரர் கைக்குத்தான் போனது. அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல், நான்கு வருஷம் உள்நாட்டுப் போர் நடந்த பிறகு. றில்லியுவும் அந்தப் போர் மூளும் காலத்தை அண்டி, நிறத்தைப் பார்த்து மனிதரை நடத்தும் அந்த ஊரை விட்டுப் பாரிசுக்கே திரும்பிப் போய்விட்டார். 1894இல் அங்கேதான் இறந்தார். அமெரிக்க இரசாயனச் சங்கம் அவருடைய கண்டுபிடிப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது 2002இல். நூற்றைம்பது வருஷம் பொறுத்து!

யூரியாவுக்குள் இருக்கும் சூடு

ஆவியை விட்டுவிட்டு இன்னொரு வழியைப் பார்ப்போம். மலையில் தூவும் யூரியா அமோனியாவிலிருந்து வருகிறது. அமோனியா செய்யக் காற்றிலுள்ள நைதரசனையும் ஐதரசனையும் 400 முதல் 500 பாகை வரையான சூட்டில் பெரிய அமுக்கத்தில் சேர்க்கவேண்டும். ஒரு தரம் உள்ளே போகும் வாயுவில் கொஞ்சம்தான் அமோனியா ஆகும். மிச்சத்தைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பவேண்டும். ஒவ்வொரு தரமும் குளிர வைத்து அமோனியாவைப் பிரித்தெடுத்து, திரும்பவும் சூடாக்குவதென்றால் எரிபொருள் செலவு எங்கே போய் நிற்கும்?

ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹாபரும் அவரோடு வேலை செய்த பிரித்தானியர் றொபேட் லு றொசிஞொலும் 1909இல் செய்து காட்டிய சின்னக் கருவியிலேயே இதற்கு வழி வைத்திருந்தார்கள். வெளியே வரும் சூடான வாயு ஒரு குழாயில், உள்ளே போகும் குளிர்ந்த வாயு அதை ஒட்டிய இன்னொரு குழாயில். இரண்டும் கலப்பதில்லை, குழாய்ச் சுவர் வழியாகச் சூடு மட்டும் கைமாறுகிறது. இதைத்தான் வெப்பமாற்றி என்கிறார்கள். 1913இல் ஒப்பாவ் என்ற இடத்தில் பெரிய ஆலையாகக் கட்டியபோதும் இந்த முறை கூடவே போனது. அமோனியா உண்டாகும்போது அதுவே சூட்டை வெளிவிடும் என்பதால், ஒரு தரம் மூட்டிவிட்டால் வெளியிலிருந்து பெரிதாகச் சூடு கொடுக்காமலே ஓட வைக்கலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு, அதை மட்டும் கவனியுங்கள். 80 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றரையும் 20 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் 50 பாகையில் வந்து நின்றுவிடும். பாதிதான் கைமாறும். ஆனால் இரண்டையும் நீண்ட குழாய்களில் எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டால், குளிர்ந்தது போகப் போக இன்னும் சூடான பக்கத்தையே சந்திக்கிறது. முடிவில் 70 பாகைக்கு மேலே சூடாகி வெளியே வரலாம். சூடாக வந்தது 30 பாகைக்குக் கீழே இறங்கிப் போகலாம். சூடும் அதே சூடு, குழாயும் அதே குழாய், திசையை மாற்றியதில் வந்த லாபம் இது.

1973இல் உலகத்தில் எண்ணெய் விலை ஏறிய பிறகு பெரிய ஆலைகள் இதை இன்னும் துருவிப் பார்த்தன. ஆலையில் எது எது குளிர வேண்டும், எது எது சூடாக வேண்டும் என்று பட்டியல் போட்டு, எதை எதோடு சோடி சேர்ப்பது என்று கணக்குப் பார்க்கும் முறையைப் போடோ லின்ஹொஃப் என்ற பொறியியலாளர் 1970களின் பிற்பகுதியில் வளர்த்தெடுத்தார். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போலத்தான், அதிகச் சூடானதைக் குறைந்த சூடு கேட்கும் வேலைக்குக் கொடுத்து வீணாக்கக்கூடாது.

உரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அந்த வருஷம் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. கூடையில் கொழுந்து குறைந்ததை நாம் கையாலேயே நிறுத்துப் பார்த்தோம்.

நம்முடைய ஸ்டோரும் அடுப்பும்

இனி நம் பக்கம். பழைய தொழிற்சாலைகள் ஏன் மூன்று, நான்கு மாடியாக நிற்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? கீழே ட்ரையர், மேலே கொழுந்து வாட்டும் மாடிகள். கீழே உண்டாகும் சூடான காற்றைப் பெரிய விசிறிகளால் மேலே இழுத்துத் தட்டுகளில் பரப்பிய கொழுந்தின்மேல் ஓடவிட்டார்கள். நம் பாட்டன் பாட்டி காலத்திலேயே சூட்டுக்கு இரண்டாம் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

வாட்டும் வேலை குறைந்த சூடு கேட்கும் வேலை. காற்று சில பாகை ஏறினால் போதும், கூடினால் கொழுந்து கெட்டுவிடும். ட்ரையருக்கோ 90, 100 பாகைக் காற்று வேண்டும். ஆகவே ட்ரையர் பக்கம் மிஞ்சுவதை வாட்டும் தொட்டிக்குக் கொடுப்பது நல்ல பொருத்தம். "அப்ப அந்த வெள்ளை ஆவிய அப்படியே தொட்டிக்குள்ள விட்டா என்னாங்க ஐயா?" என்று கேட்பீர்கள். அது முடியாது. அந்தக் காற்று தண்ணீரைக் குடித்து நிரம்பியது, கொழுந்திலிருந்து இன்னும் ஈரம் எடுக்காது, நனைத்துவிடும். அதன் சூட்டை வெப்பமாற்றி வழியாக வெளிக் காற்றுக்கு மாற்றி, அந்த உலர்ந்த காற்றைத்தான் விடவேண்டும். உலைப் புகைக்கும் இதே கதை. நேராக விட்டால் தேயிலை புகை நாறும்.

இயந்திரம் எதுவும் வாங்காமல் செய்யக்கூடியது விறகைக் காய வைப்பது. அன்றைக்கு வெட்டிய பச்சை மரத்தில் நிறையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நிறைக்கு விலை கொடுத்து வாங்கினால் பாதிக் காசு தண்ணீருக்குத்தான். பத்துக் கிலோ பச்சை விறகு தரும் சூட்டை ஆறு கிலோ காய்ந்த விறகு தந்துவிடும், புகையும் குறைவு. பிளந்து, கூரைக்குக் கீழே, நிலத்தில் படாமல், காற்றுப் போக இடைவெளி விட்டு, சில மாதம் அடுக்கி வைக்கவேண்டும். மழையில் கிடக்கும் சவுக்குக் கட்டையை அப்படியே உலைக்குள் தள்ளினால் உலை முதலில் மரத்தைத்தான் காய வைக்கும், தேயிலை பிறகுதான். விறகுக் கொட்டிலை உலைப் பக்கச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் அங்கே வீணாகும் சூடும் விறகைக் காய வைக்கும். நெருப்புப் பொறி பறக்காத தூரம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஸ்டோருல வெறகு மிச்சமானா எங்களுக்கு என்னாங்க?" என்று மாதர் சங்கக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. நேராகப் பதில் சொன்னால், மிச்சம் தானாக வந்து சம்பளத்தில் ஒட்டாது. லூசியானாவில் ஒட்டவில்லை, இங்கேயும் கேட்காமல் ஒட்டாது. ஆனால் உலைக்குக் குறைவாக மரம் வெட்டினால் பீலிக்குத் தண்ணீர் வரும் ஊற்றுக்கு மேலே மரம் நிற்கும். கழித்த கொப்பு, சில்லு விறகு லயத்துக்குக் கிடைப்பது பற்றித் துரையோடு பேசும்போது, தொழிற்சாலையில் மாதத்துக்கு எவ்வளவு விறகு மிச்சம் என்ற கணக்கு கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். தோட்டக் கமிட்டியில் அந்தக் கணக்கைக் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

வீட்டு அடுப்புக்கும் இதே பாடம். மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும்பங்கு பக்கத்தால் ஓடிவிடும். 1980களில் நம் நாட்டில் பரவத் தொடங்கிய அனகி களிமண் அடுப்பில் இரண்டு வாய் உண்டு. விறகு எரிவது முதல் வாய்க்குக் கீழே. சட்டியைச் சூடாக்கிவிட்டுப் போகும் நெருப்புக் காற்று இரண்டாம் வாய்க்குக் கீழாகப் போகிறது. முதல் வாயில் சோறு, இரண்டாம் வாயில் பிள்ளை குளிக்கத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வாயை வெறுமனே விட்டால் மூன்று கல் அடுப்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏதாவது ஒரு பாத்திரம் எப்போதும் அதன்மேல் இருக்கட்டும். சோறு ஒரு கொதி வந்து முக்கால் பதம் ஆனதும் பானையை இறக்கி, பழைய கம்பளியால் சுற்றி மூடி வைத்தால் மிச்சக் கால் பதம் தன் சூட்டிலேயே வெந்துவிடும். அந்த நேரத்து விறகு மிச்சம், விறகுக்கு மலை ஏறும் நடையில் ஒன்றும் மிச்சம்.

சூட்டை மிச்சம் பிடிக்கிறோம் என்று சமையல் காம்பராவின் சன்னலையும் புகைப் போக்கியையும் மட்டும் யாரும் அடைக்க வேண்டாம். விறகுப் புகையில் மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு ஒன்று இருக்கிறது, மூடிய அறையில் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குளிர் தாங்காமல் இரவில் தணல் சட்டியைப் படுக்கும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் சில லயங்களில் இன்னும் இருக்கிறது. தணலை வெளியே வைத்துவிட்டு, இரண்டாம் வாயில் சூடான தண்ணீரைப் போத்தலில் ஊற்றி, துணியால் நன்றாகச் சுற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.